உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?



போன பள்ளி விடுமுறையில் நம் இளைஞர் முகாமில் ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதை எழுதிக் கொடுங்கள் என்று இதழ்க்குழுத் தம்பிகள் கேட்டார்கள். மேடையில் பேசியதை எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சொல்லத் தயங்கிய ஒரு விஷயத்தையும் இதில் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடத்துகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தேவாரம், கொஞ்சம் கதை, கொஞ்சம் கேள்வி பதில், கடைசியில் சர்க்கரைப் பொங்கலோ சுண்டலோ. இதுதான் வகுப்பு. சில மாதங்களுக்கு முன் பேச்சுப் போட்டிக்கு ஒத்திகை பார்த்தோம். தலைப்பு சுவாமி விவேகானந்தர். ஆறாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கச்சி எழுந்து பேசினாள். அடேயப்பா, என்ன தமிழ்! ‘ஞானப் பேரொளி’, ‘ஆன்மிக எழுச்சியின் அச்சாணி’ என்று ஒரே அடுக்கு மொழி. மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நடுவில் ஒரு வரி வந்தது. சுவாமி சிகாகோவில் பேசியது 1896-ல் என்றாள்.

நான் நிறுத்தினேன். அது 1893, செப்டம்பர் மாதம். பிறகு கேட்டேன், “ஏம்மா, இதை யாரு எழுதிக் கொடுத்தா?”

வகுப்பே அமைதியாகிவிட்டது. அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சாட்ஜிபிடி சார். அம்மா போன்ல கேட்டு எழுதிக்கிட்டேன். அதுல பாதி வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது சார்.”

பின் வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ‘இப்படிக் காப்பியடித்தால் சரஸ்வதி எப்படி வருவாள்?’ என்று ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நான் கேட்ட அந்தக் கேள்வி என் காதிலேயே திரும்ப விழுந்தது. யாரு எழுதிக் கொடுத்தா? இதே மாதிரி ஒரு கேள்வியை நம் உபநிஷதத்தில் ஒரு குரு தன் சீடனிடம் கேட்கிறார். அந்த இடத்தைத்தான் முகாமில் விரித்துப் பேசினேன்.

காளையும் நெருப்பும் நடத்திய வகுப்பு

சாந்தோக்ய உபநிஷதம், நான்காம் அத்தியாயம். சத்தியகாமன் என்று ஒரு பையன். படிக்க ஆசை. குருகுலத்துக்குப் போனால் முதலில் கோத்திரம் கேட்பார்கள். அம்மாவிடம் போய், “அம்மா, நம்ம கோத்திரம் என்ன?” என்கிறான். அம்மா பெயர் ஜபாலை. அவள் மறைக்கவில்லை. ‘சின்ன வயதில் பல இடங்களில் ஊழியம் செய்தே காலம் போயிற்று, உன் கோத்திரம் என்னவென்று எனக்கே தெரியாது. நான் ஜபாலை, நீ சத்தியகாமன். சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள்’ என்கிறாள்.

பையன் நேரே கௌதமர் என்ற குருவிடம் போகிறான். அவர் கேட்கிறார். அம்மா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொல்கிறான். நம்மில் யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு கோத்திரத்தைச் சொல்லிச் சமாளித்திருப்போம். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அவன் அப்படிச் செய்யவில்லை. ‘உண்மையை விட்டு நீ விலகவில்லை, போய் சமித்து எடுத்துக்கொண்டு வா’ என்று அவர் அவனைச் சேர்த்துக்கொள்கிறார். அவனுடைய நுழைவுத் தகுதி அந்த உண்மைதான்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். குரு பாடம் எதுவும் நடத்தவில்லை. மெலிந்து நோஞ்சானாக இருந்த 400 மாடுகளைப் பிரித்து, ‘இதுகளை ஓட்டிக்கொண்டு போ’ என்கிறார். பையனும், ‘ஆயிரம் ஆகாமல் திரும்ப மாட்டேன்’ என்று கிளம்புகிறான். காட்டிலே பல வருஷம். குருவும் இல்லை, வகுப்பும் இல்லை, பக்கத்தில் உட்கார ஒரு மாணவனும் இல்லை.

மாடுகள் ஆயிரம் ஆன அன்று கூட்டத்திலிருந்த காளை பேசுகிறது. ‘நாங்கள் ஆயிரம் ஆகிவிட்டோம், குருவின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. போகும் முன் பிரம்மத்தின் ஒரு பாதத்தை உனக்குச் சொல்கிறேன்.’ பாதம் என்றால் கால் பங்கு. நான்கு திசைகளைப் பற்றி அது சொல்கிறது. அடுத்த பாதத்தை நெருப்பு சொல்லும் என்றும் சொல்லிவிடுகிறது. மறுநாள் சாயங்காலம் அவன் மூட்டிய நெருப்பு பேசுகிறது. பூமி, வானவெளி, விண்ணுலகம், கடல். மறுநாள் மாலை ஓர் அன்னம் பறந்து வந்து மூன்றாவது பாதத்தைச் சொல்கிறது. அதற்கடுத்த நாள் நீரில் மூழ்கி எழும் பறவை ஒன்று நான்காவதைச் சொல்கிறது. நான்கு கால் சேர்ந்தால் முழுசு. கணக்குப்படி பாடம் முடிந்தது.

பையன் மாடுகளோடு குருவின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். குரு அவனைப் பார்க்கிறார். முகம் ஒளி வீசுகிறது. உடனே கேட்கிறார், ‘பிரம்மத்தை அறிந்தவன் போல் ஒளிர்கிறாயே, உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?’

அவன் சொன்ன பதிலில் இரண்டு பங்கு. ‘மனிதர்கள் அல்லாதவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்’ என்பது முதல் பங்கு. ‘ஆனாலும் நீங்களே எனக்குச் சொல்ல வேண்டும். ஆசிரியரிடம் கற்ற வித்தையே நிறைவு பெறும் என்று உங்களைப் போன்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்’ என்பது இரண்டாவது பங்கு.

குரு என்ன சொல்லிக் கொடுத்தார் தெரியுமா? புதிதாக ஒன்றுமில்லை. அதே பாடத்தைத்தான் திரும்பச் சொன்னார். அதில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று உபநிஷதம் முடிக்கிறது.

மனிதர் அல்லாத ஆசிரியர்கள்

தம்பிகளே, இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். முன்பெல்லாம் ‘உண்மை பேசு’ என்பதோடு நிறுத்திவிடுவேன். இப்போது படித்தால் அந்தக் காளையும் நெருப்பும் பறவைகளும் நம் கையில் இருக்கிற திறன்பேசிக்குள் இருப்பது போலத் தோன்றுகிறது. மனிதர் அல்லாதவர்கள் பாடம் நடத்தலாம் என்பதை நம் முன்னோர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ‘காளையிடமா படித்தாய்?’ என்று குரு திட்டவில்லை. அதனால் நம் பெரியவர்கள் சிலர் சொல்வதுபோல, ‘இணையத்தைத் தொடாதே, கெட்டுப் போயிடுவே’ என்று நான் சொல்ல மாட்டேன்.

முகாமில் ஒரு தம்பி கை தூக்கினான். “சார், ஏகலைவன்கூட இப்படித்தானே? துரோணர் பொம்மையை வெச்சுத் தானே கத்துக்கிட்டாரு?”

நல்ல கேள்வி. ஏகலைவனுக்கு வகுப்பறைக் கதவு சாத்தப்பட்டது. வேடர் குலத்துப் பிள்ளை என்று சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் மண்ணால் ஓர் உருவம் செய்து, அதன் முன்னால் பயிற்சி செய்தான். இன்றைக்கும் நம் சமூகத்தில் சாத்தப்பட்ட கதவுகள் உண்டு. டியூஷனுக்குக் காசு இல்லாத வீடு, இயற்பியலுக்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைக்காத ஊர், பஸ் வராத தோட்டம். அப்படிப்பட்ட இடத்துப் பிள்ளை ராத்திரி யூடியூப்பில் கூடுதல் கணிதம் படித்து எஸ்பிஎம் எழுதினால், அந்த யூடியூப் கடவுள் கொடுத்த வரம்தான். சந்தேகமே வேண்டாம். ஆனால் ஏகலைவனை வில்லாளியாக்கியது மண் பொம்மை இல்லை. விடிய விடிய அவன் விட்ட அம்பு. பொம்மையை வைத்துக்கொண்டு அம்பே விடாமல் உட்கார்ந்திருந்தால் பொம்மை என்ன செய்யும்? எத்தனை காணொளியைச் சேமித்து வைத்திருக்கிறோம், அதில் எத்தனை கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், காளை தன்னுடைய பங்கை மட்டும் சொல்லி, மீதிக்கு நெருப்பிடம் அனுப்பியது. தான் சொன்னதே முழுசு என்று அது சொல்லவில்லை. நம் கையில் இருக்கிற கருவிக்கு அந்த அடக்கம் குறைவு. 1896 என்று தப்பான வருஷத்தைச் சொல்லும்போதும் அதே கம்பீரத்தோடுதான் சொல்கிறது.

பிரச்ன உபநிஷதத்தில் பிப்பலாதர் என்று ஒரு ரிஷி வருகிறார். ஆறு பேர் அவரைத் தேடிப் போகிறார்கள். ‘இங்கே ஒரு வருஷம் தவத்தோடு தங்குங்கள், பிறகு கேளுங்கள். எங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்கிறோம்’ என்கிறார். அவ்வளவு பெரிய ரிஷி, ‘தெரிந்திருந்தால்’ என்கிறார்! நல்ல ஆசிரியரின் அடையாளம் இது. “இது எனக்கும் தெரியலம்மா, பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார், 40-வது அதிகாரம். அதோடு விடவில்லை. 42-வதாகக் ‘கேள்வி’ என்று தனியாகப் பத்துக் குறள் வைத்தார். பெரியவர் வாயிலிருந்து காதால் கேட்டுப் பெறும் அறிவு அது. படிப்பு இருந்தால் போதாதா, கேள்வி எதற்கு என்று அவருக்குத் தெரியாமலா வைத்தார்?

சிவப்புப் பெருக்கல் குறி

இப்போது அன்றைக்குச் சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிக்கூடம் மூடியாச்சு, கோவிலும் மூடியாச்சு. எல்லாரும் இயங்கலைக்கு மாறினோம். ஆசிரியர்கள் கூகள் மீட் என்றார்கள், பாடம் புலனத்தில் வந்தது. கல்வி அமைச்சும் அந்த ஜூன் மாதம் டெலிமா தளத்தைத் தொடங்கியது. அதே ஜூனில்தான் சபாவில் ஒரு மாணவி, இணையம் கிடைக்காததால் மரத்தில் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதிய காணொளி நாடு முழுக்கப் பரவியது. நானும் அதைப் பார்த்து, ‘பாவம்’ என்று சொல்லி நாலு பேருக்குப் பகிர்ந்தேன்.

எங்கள் சமய வகுப்பையும் இயங்கலைக்கு மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி. பெருமையாக இருந்தது. கோவில் கமிட்டியே பாராட்டியது. யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒரு பட்டியல் போட்டு, வாராவாரம் பெற்றோர் இருக்கிற புலனக் குழுவில் போடுவேன். வந்தவருக்குப் பச்சை, வராதவருக்குச் சிவப்புப் பெருக்கல் குறி.

ஒரு தம்பிக்கு வரிசையாக ஏழு சிவப்பு. அப்போது அவன் படிவம் ஒன்று. வகுப்பில் எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்து தேவாரம் பாடுகிற பிள்ளை. ஏழாவது வாரம், ‘பெற்றோர் கவனிக்கவும். வீட்டில் இருந்துகொண்டே வகுப்புக்கு வராதது சோம்பேறித்தனம்’ என்று அவன் பெயருக்கு நேரே எழுதிப் போட்டேன். அதற்குக் கீழே யாரோ ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டார்கள். நான் அதை அழிக்கச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கட்டுப்பாடு தளர்ந்தபோது கோவில் சார்பில் வீடுகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கப் போனோம். அந்தத் தம்பியின் வீடு மலிவு விலை அடுக்குமாடியில் நான்காவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனேன். அவனுடைய அம்மா கதவைத் திறந்தார்.

“அக்கா, தம்பி ஏன் வகுப்புக்கு வரதில்ல?” என்று கேட்டேன். சொல்லப்போனால் கண்டிக்கிற குரலில்தான் கேட்டேன்.

“வீட்ல ஒரே போனு சார். அவங்க அப்பா செக்கியூரிட்டி வேலை, ராத்திரி எடுத்துட்டுப் போயிடுவாரு. காலையில மூணு பிள்ளைங்களும் அதுலதான் பள்ளிக்கூடப் பாடத்த மாத்தி மாத்திப் பாக்குதுங்க. டேட்டா முடிஞ்சா அதுவும் இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், “நீங்க போட்ட பட்டியல அவன் பாத்துட்டான் சார். அன்னிலேர்ந்து கோவிலப் பத்திப் பேசறதில்ல.”

பையன் உள்ளே கதவோரம் நின்றுகொண்டிருந்தான். “மன்னிச்சுக்கப்பா, எனக்குத் தெரியாமப் போச்சு” என்றேன். “பரவால்ல சார்” என்றான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தம்பிகளே, அந்த வகுப்பு கோவில் மண்டபத்தில் நடந்திருந்தால் எனக்கு இப்படி நடந்திருக்காது. அவன் வராத முதல் வாரமே பக்கத்தில் உட்காருகிற பையனிடம் “எங்கடா உன் கூட்டாளி?” என்று கேட்டிருப்பேன். வந்திருந்தாலும் வாடிய முகத்தைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டிருப்பேன். திரையில் எனக்கு முகம் தெரியவில்லை. பெயரும் அதற்கு நேரே ஒரு குறியும்தான் தெரிந்தன. குறியை வைத்துப் பிள்ளையை எடைபோட்டுவிட்டேன். கருவியின் மேல் பழியைப் போட நான் இதைச் சொல்லவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமே, அவன் அப்பாவிடமே பேசியிருக்கலாமே. அதை நான் செய்யவில்லை.

அந்தக் கௌதமர் முதலில் என்ன செய்தார்? சீடனின் முகத்தைப் பார்த்தார். பல வருஷம் கழித்து வந்தவனிடம் ‘ஆயிரம் மாடும் சரியாக இருக்கிறதா?’ என்று கேட்கவில்லை. நான் ஏழு வாரமும் மாட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். உபநிஷதம் என்ற சொல்லுக்கே அருகில் உட்காருதல் என்று பொருள் சொல்வார்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரிகிற தூரம் அது. அருகில் வர முடியாத பிள்ளை இருந்தால், எழுந்து போக வேண்டியது ஆசிரியர். நான்கு மாடி என்றாலும் ஏற வேண்டியதுதான்.

அதன் பிறகு எங்கள் இளைஞர்கள் சேர்ந்து பழைய திறன்பேசிகளைச் சேகரித்து, பழுது பார்த்து, தேவைப்பட்ட வீடுகளுக்குக் கொடுத்தார்கள். கோவில் மண்டபத்தின் பக்கத்து அறையில் இணைய வசதி போட்டோம். பிள்ளைகள் பள்ளிப் பாடத்தையும் அங்கே வந்து செய்கிறார்கள். பட்டியலை நான் நிறுத்திவிட்டேன். வராத பிள்ளையின் வீட்டுக்கு இப்போது அழைப்பு போகிறது.

அந்தத் தம்பி என் வகுப்புக்குத் திரும்ப வரவே இல்லை. எஸ்பிஎம் முடித்துவிட்டான், மீசை முளைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சில நேரம் கோவிலில் பார்ப்பேன். வணக்கம் சொல்வான், நகர்ந்துவிடுவான். அவனுக்கு நான் கொடுக்க வேண்டிய கடன் இன்னும் பாக்கி இருக்கிறது.

திரும்பி வருவது

ஆகவே பேச்சுப் போட்டித் தங்கச்சியை அன்று நான் திட்டவில்லை. சிரித்த பையன்களைத்தான் பார்த்தேன். “இவ உண்மையச் சொல்லிட்டா. உங்க தாள்ல எவ்வளவு உங்க சொந்தம், சொல்லுங்க பார்ப்போம்” என்றேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். அவளுடைய தாளில் இருந்த ஒவ்வொரு பெரிய சொல்லுக்கும் அர்த்தம் சொன்னேன். வருஷத்தைத் திருத்தினோம். அப்புறம் அந்தச் செயலி சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொன்னேன். 1893 மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறிய சுவாமி, கொழும்பு வழியாக வந்து பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நின்றுதான் ஹாங்காங், ஜப்பான் என்று போனார். சிங்கப்பூரின் தாவரவியல் பூங்காவில் பார்த்த பனை வகைகளைப் பற்றிக் கடிதத்தில்கூட எழுதியிருக்கிறார். “நம்ம பினாங்குக்கா சார்?” என்று அந்தத் தங்கச்சியின் கண் விரிந்ததே, அதைத்தான் குரு சீடனின் முகத்தில் பார்த்திருப்பார் போலும். அந்த வாரம் அவளே புதிதாக எழுதினாள். அடுக்கு மொழி போச்சு. ‘சுவாமி நம்ம ஊரு கடல் வழியாத்தான் போனாரு’ என்று தொடங்கினாள். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டபோது தாளைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

இதை உங்கள் படிப்புக்கு எப்படிப் பொருத்திக்கொள்வது? சத்தியகாமன் காட்டிய வழியிலேயே நாலு காரியம் சொல்கிறேன்.

முதலாவது, மாட்டை மேய்க்கிற உழைப்பு. கேள்வி வந்தவுடனே போனைத் தட்டாதீர்கள். பத்து நிமிஷம் நீங்களே மண்டையை உடைத்துக்கொள்ளுங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை. மேய்க்காதவனிடம் காளை பேசாது. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு டிக்டாக், ஒரு செய்தி, ஒரு விளையாட்டு என்று மனம் நாலு பக்கம் ஓடினால், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, கிடைத்தது கால் பங்கு என்று நினையுங்கள். ஒரு காணொளி பார்த்துவிட்டு ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லிவிடாதீர்கள். பாடப்புத்தகம், இன்னொரு நூல், இன்னொரு ஆள் என்று மீதி முக்காலையும் தேடுங்கள்.

மூன்றாவது, குருவின் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். இணையத்தில் படித்ததை அந்த வாரமே உங்கள் ஆசிரியரிடம் கொண்டு போங்கள். “சார், இப்படிப் பார்த்தேன், சரியா?” என்று கேளுங்கள். கீதையில் நான்காம் அத்தியாயத்தில் கண்ணன் ஞானம் பெற வழி சொல்லும்போது பணிவு, கேள்வி, தொண்டு மூன்றையும் சேர்த்தே சொல்கிறார். பணிவு என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது இல்லை. கேள்வியும் அதில் சேர்த்திதான்.

நான்காவது, யார் சொல்லிக் கொடுத்தது என்பதை மறைக்காதீர்கள். இட்டுவேலைத் தாளில், மேடைப் பேச்சில், எங்கேயும். இதில் நம் சமயத்துக்கும் பங்கு உண்டு. திருநள்ளாறு கோவிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே அதிசயித்தது என்று ஒரு செய்தி பல வருஷமாகப் புலனத்தில் சுற்றுகிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. அது நின்றால் கீழேதான் விழும். எங்கள் தம்பி ஒருவன் இதைப் பள்ளி இயற்பியல் வகுப்பில் பெருமையாகச் சொல்லி, எல்லாரும் சிரித்து, அழாத குறையாக என்னிடம் வந்தான். அவனுக்கு அதை அனுப்பியது அவன் பெரியப்பா. அவருக்கு அனுப்பியது யாரென்று அவருக்கே தெரியாது. திருநள்ளாற்று ஈசன் பெருமைக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? கோத்திரம் தெரியாது என்று சொன்னவனை ஏற்றுக்கொண்ட தர்மம் நம்முடையது. இல்லாத பெருமையைச் சேர்த்தால் அந்தத் தர்மத்துக்குத்தான் தலைகுனிவு.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை போனும் கையுமாக இருக்கிறான் என்று குறை சொல்கிறோம். அவன் திரும்பி வந்து கேட்க நாம் வீட்டில் இருக்கிறோமா? இருந்தால் நம் கையில் என்ன இருக்கிறது? அவன் உண்மையைச் சொன்னால் தாங்கிக்கொள்கிறோமா, இல்லை ரோத்தானைத் தேடுகிறோமா? சத்தியகாமனால் உண்மை பேச முடிந்ததற்கு ஜபாலை ஒரு காரணம், கௌதமர் இன்னொரு காரணம்.

முடிக்கிறேன். நம் முகாமில் ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் ஒரு சாந்தி மந்திரம் சொல்கிறோம். இறைவன் நம்மைக் காக்க வேண்டும், நாம் கற்றது ஒளி பெற வேண்டும், நமக்குள் பகை வரக்கூடாது என்று வேண்டுகிற மந்திரம். அதில் ‘நம்மை’ என்று வருகிற இடம் சமஸ்கிருதத்தில் இருமை. அதாவது இரண்டே பேரைக் குறிக்கிற சொல். கற்பிக்கிறவர் ஒருவர், கற்கிறவர் ஒருவர். இருவரும் சேர்ந்து நின்று கேட்கிற வரம் அது. அடுத்த தடவை சொல்லும்போது உங்கள் ஆசிரியர் ஒருவரின் முகத்தை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். நானும் சொல்வேன். வெள்ளிக்கிழமை கோவிலில் நகர்ந்து போகிற அந்தத் தம்பியின் முகத்தை நினைத்துக்கொண்டு.

எல்லாரும் நன்றாகப் படியுங்கள். இறைவன் துணை. வணக்கம்.